படகிலும் கூடாரத்திலும் ஹாம் செட் மக்கர் செய்தால்

புதிதாக ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகள் கையடக்க வயர்லெஸ் செட்டை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் கூடாரம் போடக் கிளம்புகிறார்கள். பாம்பன் பக்கம் ஃபைபர் படகில் போகிறவர்களும் உண்டு. திரும்பி வந்ததும் "செட்டு போயிடுச்சுண்ணே" என்று என் மேசையில் வைப்பார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் செட்டில் ஒன்றும் இருக்காது. கரண்ட், செட்டிங், ஆன்டெனா இந்த மூன்றில் ஏதோ ஒன்று சறுக்கியிருக்கும். ஒரே பழுதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததால், அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

லைசென்ஸ் இல்லாதவர்கள், பேசுவதற்கு அழுத்தும் பிடிடி பட்டனைத் தொட வேண்டாம். 12 வயது நிறைந்த எவரும் தேர்வு எழுதலாம். ரெஸ்டிரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை உண்டு. வீட்டு முகவரியை விட்டு வெளியே இயக்குவதற்கான நிபந்தனைகள் என்னவென்று உங்கள் லைசென்ஸைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ஆன்டெனாவுக்குப் போகும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது), 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டிச் சோதிக்கும் சுமை), இருக்கும் ரப்பர் ஆன்டெனாவோடு இன்னொன்று, சரியான அளவில் நாலு ஃபியூஸ், 49 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு துண்டு வயர். இதில் டம்மி லோடை யாரும் வாங்குவதில்லை. பழுது செட்டிலா, செட்டுக்கு வெளியிலா என்று ஒரே நிமிடத்தில் சொல்லும் பொருள் அதுதான்.

## செட் ஆன் ஆகவில்லை, அல்லது பிடிடி அழுத்தியதும் அணைகிறது

கையடக்கச் செட் என்றால்

பேட்டரியைக் கழற்றி அடியில் உள்ள உலோகத் தகடுகளைப் பாருங்கள். கடல் காற்று பட்ட செட்டில் அங்கே பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்தாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது.

அடுத்து பவரை "லோ"வில் வைத்து அழுத்திப் பாருங்கள். லோவில் நின்று, ஹையில் அணைந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். இரண்டு செல் லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் காட்டும். இரவு முழுக்கச் சார்ஜ் போட்டும் 8-ஐத் தாண்டவில்லை என்றால், சார்ஜரில் குற்றமா பேட்டரியில் குற்றமா என்பதை நண்பரின் பேட்டரியை மாற்றிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பேட்டரி உப்பியிருந்தால் அதோடு நிறுத்துங்கள். சார்ஜ் போடக் கூடாது, குத்தக் கூடாது, கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்கவும் கூடாது. மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

12 வோல்ட் பேட்டரியில் ஓடும் பெரிய செட் என்றால்

செட் ஆன் ஆகிறது, கேட்கவும் செய்கிறது, பேசப் போனால் அணைகிறது என்றால் முதலில் வயரைச் சந்தேகப்படுங்கள். 100 வாட் செட் பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய 1.5 சதுர மில்லிமீட்டர் வயரை 3 மீட்டர் இழுத்துக் கட்டியிருந்தால், போகும் வயரிலும் வரும் வயரிலும் சேர்த்து ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் அங்கேயே காணாமல் போகும். 13.8 வோல்ட்டில் ஓட வேண்டிய செட்டுகள் பலவும் 11.7-க்குக் கீழே இறங்கினால் தாங்காது.

சோதனை எளிது. ஒருவர் பிடிடி அழுத்தட்டும். அந்த நேரத்தில் பேட்டரி முனையில் ஒரு அளவு, செட்டின் பின்னால் ஒரு அளவு எடுங்கள்.

இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயர், ஃபியூஸ் ஹோல்டர், முறுக்கி விட்ட இணைப்பு ஆகியவற்றில் ஒன்று. கையை வைத்துப் பாருங்கள், சுடுகிற இடம்தான் குற்றவாளி. 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டு, முனைக்கு லக்ஸ் (உலோக முனைக்கொக்கி) அடித்து, நீளத்தையும் குறையுங்கள்.

பேட்டரி முனையிலேயே வோல்ட் விழுந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது, அல்லது அளவு போதாது. யுபிஎஸ்ஸில் இருந்து கழற்றிய 7 ஆம்பியர்-அவர் பேட்டரி 100 வாட் செட்டுக்கு ஆகாது. பவரை 20 வாட்டுக்குக் குறைத்தால் கூடாரத்தில் ஒரு மாலை ஓட்டிவிடலாம்.

படகின் இன்ஜின் பேட்டரியில் இருந்து எடுப்பவர்கள் ஃபியூஸைப் பேட்டரி அருகிலேயே போடுங்கள். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்க்காதீர்கள். படகு ஒயரிங் பார்ப்பவரைக் கூப்பிடுங்கள். டீசலோ பெட்ரோலோ இருக்கும் இடத்தில் தீப்பொறி விளையாட்டு வேண்டாம்.

## மற்றவர்கள் பேசுவது கேட்கிறது, நான் கூப்பிட்டால் யாரும் பதில் தருவதில்லை

அதிகம் வரும் புகார் இதுதான்.

ரிப்பீட்டரில் கூப்பிடும்போது

ரிப்பீட்டர் என்பது நம் குரலை வாங்கி வேறொரு அதிர்வெண்ணில் திரும்ப அனுப்பும் நிலையம். மூன்று செட்டிங்கைப் பாருங்கள். ஷிஃப்ட் திசை (மேலா கீழா) ஒன்று, ஆஃப்செட் (எவ்வளவு தள்ளி அனுப்புவது) ஒன்று, டோன் (ரிப்பீட்டரைத் திறக்கும் மெல்லிய ஒலி) ஒன்று. 2 மீட்டர் பேண்டில் ஆஃப்செட் வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். பலரும் 0.600 என்று போடுவதற்குப் பதிலாக 6.000 என்று போட்டு வைத்திருப்பார்கள். நம் நாட்டில் 2 மீட்டர் பேண்ட் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரைதான். 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் பேசினால் பேண்டுக்கே வெளியே, நமக்கு உரிமையில்லாத இடத்தில் போய்ப் பேசுகிறீர்கள். அதனால் இதை முதலில் திருத்துங்கள்.

டோனில் இரண்டு மெனு இருக்கும். அனுப்பும் டோன், வாங்கும் டோன். ரிப்பீட்டர் திறக்க அனுப்பும் டோன் போதும். ரிப்பீட்டரின் அதிர்வெண்ணும் டோனும் அந்தந்த ஊர் ஹாம்களிடம் கேட்டுப் பயணத்துக்கு முன்பே மெமரியில் ஏற்றி, வீட்டிலிருந்தே ஒருமுறை பேசிப் பாருங்கள். மலை ஏறிய பிறகு மெனு தேடிக்கொண்டிருப்பது வீண் அலைச்சல்.

பிடிடி விட்டதும் ரிப்பீட்டரின் வால் ஓசை (அது அணைவதற்குள் வரும் சிறு இரைச்சல்) கேட்டால், உங்கள் அலை அங்கே போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அப்போது பதில் வராததற்குக் காரணம் ஆள் இல்லாததுதான். சாயங்காலம் கூப்பிட்டுப் பாருங்கள்.

நேரடியாகப் பேசும்போது

செட்டை இடுப்பில் மாட்டியபடி வெளி மைக்கில் பேசுகிறீர்களா? உங்கள் உடம்பே அலையைக் குடித்துவிடும். கையில் எடுத்து, ஆன்டெனா வானத்தைப் பார்க்க நிமிர்த்திப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் பாதி போயிற்று.

நிற்கும் இடத்தை ஒரு மீட்டர் நகர்த்துங்கள். 2 மீட்டர் பேண்டில் பாறையிலும் மரத்திலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளிகள் இருக்கின்றன. இரண்டு எட்டு வைத்தாலே குரல் பளிச்சென்று வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கூடாரம் பள்ளத்தாக்கில் இருந்தால் நகர்ந்தும் பயனில்லை. மேட்டில் ஏறுங்கள். 5 வாட்டை 10 வாட் ஆக்குவதைவிட ஐம்பது அடி உயரம் ஏறுவது பல மடங்கு பலன் தரும்.

அதற்கும் மேல், அந்த 49 சென்டிமீட்டர் வயர். அதன் ஒரு முனையை ஆன்டெனா மாட்டும் இடத்தில் உள்ள உலோக வளையத்தில் படும்படி இறுக்கி, மறுமுனையைத் தொங்க விடுங்கள். எலிவால் என்போம். ரப்பர் ஆன்டெனாவுக்கு இல்லாத மறுபாதியை அது கொடுக்கிறது. செலவு சில ரூபாய். இதைச் செய்யாமல் புதுச் செட் வாங்கியவர்களைப் பார்த்து மனம் சங்கடப்பட்டிருக்கிறேன்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் டம்மி லோடு. செட், மீட்டர், டம்மி லோடு என்று வரிசையாக மாட்டி, முழுச் சார்ஜில் ஹை பவரில் அழுத்துங்கள். 4, 5 வாட் காட்டினால் செட் நலம், குற்றம் வெளியே. அரை வாட்கூட வரவில்லை என்றால் உள்ளே இறுதிநிலை டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். மலிவான செட்டாக இருந்தால் பழுதுக் கூலி புதிதின் விலையைத் தொட்டுவிடும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் நிற்கும் நண்பருக்குக் கேட்கிறது என்பதை மட்டும் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து மீட்டரில் ஆன்டெனா அறுந்திருந்தாலும் கேட்கும். அரைக் கிலோமீட்டர் நடக்கச் சொல்லிச் சோதியுங்கள்.

கடலில் இருக்கும்போது

படகில் உட்கார்ந்து பேசும்போது ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேல் 2 மீட்டர்தான் இருக்கும். அந்த உயரத்துக்கு அடிவானம் ஆறு கிலோமீட்டருக்குள். இரண்டு படகும் அப்படியே இருந்தால் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் பேச்சு முடிந்தது. இதைப் பழுது என்று நினைத்துச் செட்டை நோண்டாதீர்கள். கம்பத்தில் ஆன்டெனாவை ஏற்றுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹாம் செட் கடலில் உயிர் காக்கும் முதல் கருவி ஆகாது. உங்கள் அதிர்வெண்ணில் அந்த நேரத்தில் கேட்க ஆள் இருப்பார் என்று எந்த உறுதியும் இல்லை. கடலில் ஆபத்து அழைப்புக்கு உரியது மரைன் விஎச்எஃப் சானல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். அதற்குத் தனிச் செட்டும் தனி அனுமதியும் உண்டு. கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554. மீனவர்களிடம் இருக்கும் டேட் எனும் ஆபத்து அறிவிப்புக் கருவியும் ஆபத்தைச் செயற்கைக்கோள் வழியே சொல்லிவிடும். இவை இருக்க, கூடுதலாக ஹாம் செட் இருக்கட்டும்.

## எதுவுமே கேட்கவில்லை

மானிட்டர் பட்டனை அழுத்துங்கள். "ஷ்ஷ்" என்ற இரைச்சல் வந்தால் ஸ்பீக்கரும் ரிசீவரும் உயிரோடு இருக்கின்றன.

இரைச்சல் வருகிறது என்றால் ஸ்குவெல்ச் (வெற்று இரைச்சலை அடக்கும் அளவு) அதிகமாக இருக்கலாம், 1 அல்லது 2-க்கு இறக்குங்கள். அதுவும் இல்லையென்றால் வாங்கும் டோன் ஆன் ஆகியிருக்கும். அந்த டோன் இல்லாத எந்தக் குரலையும் செட் கதவைத் திறந்து உள்ளே விடாது. அதை அணைத்துவிடுங்கள்.

இரைச்சலே வரவில்லை என்றால், பக்கவாட்டில் உள்ள இயர்போன் துளையைப் பாருங்கள். உள்ளே மணலோ உப்போ அடைத்திருந்தால், இயர்போன் மாட்டியிருப்பதாகச் செட் நினைத்துக்கொண்டு ஸ்பீக்கரை அணைத்துவிடும். இயர்போனை இரண்டு மூன்று முறை மாட்டிக் கழற்றுங்கள். அப்படியும் மௌனம் என்றால் மெக்கானிக்.

## எஸ்டபிள்யூஆர் ஏறிக்கிடக்கிறது

1.5-க்குள் இருந்தால் நிம்மதி. 2 வரை பேசலாம். 3-ஐத் தொட்டால் பிடிடியை விடுங்கள், காரணம் தெரியும்வரை அழுத்தாதீர்கள்.

ஃபைபர் படகில் காந்த ஆன்டெனா

காரில் அருமையாக வேலை செய்த காந்த அடி ஆன்டெனாவைப் படகுக்குக் கொண்டு வந்து வைக்கிறார்கள், மீட்டர் எகிறுகிறது. உடனே கேபிள் மாற்றுகிறார்கள், கனெக்டர் மாற்றுகிறார்கள், ஆன்டெனாவையும் மாற்றிவிடுகிறார்கள். பழுது எதிலுமே இல்லை. காரின் இரும்புக் கூரைதான் அந்த ஆன்டெனாவின் மறுபாதி. ஃபைபர் உடலில் அந்த மறுபாதி கிடையாது.

சோதனைக்கு, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தகரத் துண்டின் நடுவில் அதை நிறுத்திப் பாருங்கள், மீட்டர் இறங்கும். நிரந்தரத் தீர்வாக இரும்புத் தளம் தேவைப்படாத ஆன்டெனாவுக்கு மாறுங்கள். ஜே-போல் அப்படிப்பட்டது, செய்வதும் சுலபம். பட்டை வயரில் செய்தால் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளலாம். படகில் கம்பத்தில் கட்டலாம், மலையில் மரக்கிளையில் நூல் போட்டு ஏற்றலாம். இரண்டு இடத்துக்கும் பொதுவாக ஒன்று போதும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

முன்பு நன்றாக இருந்தது, இப்போது ஏறுகிறது

கனெக்டரை முதலில் கையால் இறுக்குங்கள். பிறகு ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, கேபிளின் நடு ஊசிக்கும் வெளிவளையத்துக்கும் இடையே மல்டிமீட்டரில் பாருங்கள். இணைப்பு காட்டினால் உள்ளே ஷார்ட். ஆன்டெனாவோடு சேர்த்துப் பார்த்து ஏமாறாதீர்கள். ஜே-போல் இயல்பிலேயே ஷார்ட்டாகத்தான் காட்டும்.

கடலில் பயன்படுத்திய கேபிளின் மேலுறையைக் கனெக்டர் அருகே ஓர் அங்குலம் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு வலை கருத்திருந்தால் தண்ணீர் ஏறிவிட்டது. அது எவ்வளவு தூரம் ஊர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வெட்டி ஒட்டாமல் முழுக் கேபிளையும் மாற்றுங்கள். புதிதில் இணைப்புக்கு மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதன்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். ஆர்ஜி-58 கேபிளை 10 மீட்டருக்கு மேல் இழுக்க வேண்டாம். 2 மீட்டர் பேண்டில் அந்த நீளத்துக்கே மூன்றில் ஒரு பங்கு சக்தி வழியில் கரைந்துவிடும்.

கையடக்கச் செட்டில் தடித்த கேபிளை நேராக மாட்டித் தொங்கவிட்டிருந்தால், செட்டில் ஆன்டெனா மாட்டும் எஸ்எம்ஏ கனெக்டரே ஆடிப்போயிருக்கும். லேசாக அசைக்கும்போது மீட்டர் துள்ளினால் அதுதான். உள்ளே திறந்து ஈயம் வைக்கும் வேலை. கை பழகாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. இனிமேல் இடையில் ஒரு மெல்லிய அரை அடி கேபிள் போட்டு மாட்டுங்கள்.

மலையில் கோடை இடி இறங்கும் மாதங்களில், முதல் உறுமல் கேட்டதும் கேபிளைக் கழற்றிக் கூடாரத்துக்கு வெளியே போட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் எஸ்டபிள்யூஆர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

## ஒரே இரைச்சல்

எச்எஃப் பேண்டில், அதாவது 40, 80 மீட்டர் போன்ற சிற்றலை பேண்டுகளில், இது அதிகம். ஒவ்வொன்றாக அணையுங்கள். முதலில் சோலார் பேனலின் சார்ஜ் கன்ட்ரோலர், அடுத்து எல்இடி விளக்கு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர். எதை அணைத்ததும் அமைதி வருகிறதோ அதைச் செட்டிலிருந்தும் ஆன்டெனாவிலிருந்தும் தூரத் தள்ளுங்கள். தள்ள முடியாவிட்டால் அதன் வயரை ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றுங்கள். பகலில் சார்ஜ் ஏற்றிவிட்டு, பேசும் நேரத்தில் சோலாரைக் கழற்றிவிடுவது எல்லாவற்றிலும் மலிவான வழி.

படகில் இன்ஜின் ஓடும்போது மட்டும் வந்தால், இன்ஜின் வேகத்தோடு இரைச்சலும் மாறுகிறதா என்று கேளுங்கள். "டக் டக்" என்று அடித்தால் பெட்ரோல் இன்ஜினின் பிளக் பொறி. ரெசிஸ்டர் ரக பிளக் போடச் சொல்லி இன்ஜின் மெக்கானிக்கிடம் கேட்கலாம். டீசலில் பொறி கிடையாது. அங்கே "ஊய்ங்" என்று ஏறி இறங்கினால் ஆல்டர்னேட்டர். செட்டுக்கான இரண்டு வயரையும் பேட்டரி முனையிலிருந்தே நேராக எடுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

## தூரத்து ஊர் கிடைக்கிறது, பக்கத்து ஊர் கிடைக்கவில்லை

40 மீட்டர் பேண்டில் இரவு நேரத்தில் இது பழுதே இல்லை. பகலில் மதுரைக்கும் சென்னைக்கும் தெளிவாகப் பேசிய அதே பேண்ட், இருட்டிய பிறகு அருகில் உள்ளவர்களைத் தாண்டிக் குதித்துவிடும். அனுமதி இருந்தால் 80 மீட்டருக்கு இறங்குங்கள், இல்லையென்றால் விடியும்வரை பொறுங்கள்.

பகலிலும் கிடைக்கவில்லை என்றால் டைபோலின் (இருபுறமும் கை நீட்டிய வயர் ஆன்டெனா) நீளத்தை அளவெடுங்கள். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு கைக்கு சுமார் 10 மீட்டர், மொத்தம் 20. மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் இரு மரங்களுக்கு இடையே கட்டினாலே நம் மாநிலத்துக்குள் பேசப் போதும். அருகில் பேசுவதற்கு உயரம் குறைவதே நல்லது, அலை நேராக மேலே போய்த் திரும்பி இறங்கும்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானுக்குப் போயிருந்த ஹாம் குழு, 26-ஆம் தேதி சுனாமி அடித்தபோது போர்ட் பிளேரில் இருந்தது. தொலைபேசி செத்த நேரத்தில் அவர்கள் வழியாகத்தான் பலருடைய செய்திகள் நிலப்பரப்புக்கு வந்தன. அந்த மாதத் தொடக்கத்திலிருந்தே ஆன்டெனா கட்டிப் பேசிக்கொண்டிருந்த நிலையம் அது. ஓடிக்கொண்டிருக்கும் செட்தான் அவசரத்துக்கு உதவும் என்று புதியவர்களுக்கு நான் சொல்வது இதை நினைத்துத்தான். கூடாரத்தில் போய்த்தான் முதல்முறை டைபோல் கட்டிப் பார்ப்பேன் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், மொட்டை மாடியில் நாலு தடவை கட்டி அவிழ்த்துவிடுங்கள்.

## குரல் தேய்கிறது, உடைகிறது என்கிறார்கள்

மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். குரல் மெல்லியதாகப் போகிறது என்றால் அலையின் அகலத்துக்கான வைடு, நேரோ செட்டிங்கில் நேரோ (குறுகியது) இருக்கிறதா என்று பாருங்கள். எச்எஃப்பில் ஹை பவரில் மட்டும் கரகரத்தால் அலை மைக் வயருக்குள் திரும்பி வருகிறது. ஆன்டெனாவை உட்காரும் இடத்திலிருந்து தள்ளிக் கட்டுங்கள், மைக் வயரில் ஃபெரைட் போடுங்கள்.

## நேற்று கிடைத்தது, இன்று கிடைக்கவில்லை

ராமேசுவரம் கரையில் சில காலைகளில் கையடக்கச் செட்டிலேயே 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை அழைப்புக் குறிகள் தெளிவாக விழும். கடலின் மேல் வெப்பக் காற்றடுக்கு அமைந்து அலையைக் குழாய் போலக் கொண்டு வரும் நாள் அது. மறுநாள் அந்த அடுக்கு கலைந்துவிடும். செட்டைத் திறக்க வேண்டாம்.

## செட் தண்ணீரில் விழுந்துவிட்டது

ஆன் செய்து பார்க்காதீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். உப்புத் தண்ணீர் என்றால், காயவிடுவதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உப்பை உள்ளே வைத்துக் காயவிட்டால் இரண்டே நாளில் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையின் செம்புத் தடங்களை அரித்துவிடும். பேட்டரி இல்லாத செட்டை அலசிவிட்டு, திறக்கத் தெரிந்தவர்கள் மூடியைத் திறந்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். நிழலில், காற்றோட்டத்தில் மூன்று நாள். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம். அரிசிப் பானையில் புதைப்பது உப்பை எடுக்காது. நனைந்த லித்தியம் பேட்டரியைத் திரும்பப் போடாதீர்கள், வேறு பேட்டரியில் லோ பவரில், டம்மி லோடு மாட்டி முதல் சோதனை செய்யுங்கள். திரை ஓரத்தில் நீராவி தெரிந்தாலோ, பட்டன் தானாக அழுந்தினாலோ உடனே அணைத்துவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். கடல் தண்ணீர் எத்தனை மணிக்கு உள்ளே போனது என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.